பக்கத்து சீட்டுக்காரன்

பல வருடங்களாக எங்கள் வீட்டுக் காரை ஓட்டியது என் மனைவிதான். வண்டியும் இன்சூரன்ஸும் மட்டும் என் பெயரில். எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "லாரிக்காரன்கூட முந்திப் போயிட்டான்" என்று நச்சரிக்கத் தெரியும்.

ஒருமுறை கிணத்துக்கடவில் தோப்போரம் நிறுத்தியிருந்தபோது தேங்காய் விழுந்து பானட் நசுங்கிவிட்டது. இன்சூரன்ஸில் கேட்கலாம் என்றேன். "இத்தனூண்டுக்கெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லி, பட்டறையில் தன் கைக்காசைக் கொடுத்துத் தட்டி நிமிர்த்திவிட்டாள்.

போன மாதம், பாலிசி பாதியில் இருக்கும்போதே, அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினோம். புதியதை அவள் பெயரில் எடுக்க எனக்கு ஆசை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் தயங்கினார்.

"அண்ணா, இத்தன வருசமா க்ளெய்மே கேக்காததுக்கு உங்களுக்குத் தள்ளுபடி இருக்குதுங்க. உங்க பேர்ல எடுத்தா புது வண்டிக்கும் அது வருமுங்க. அக்கா பேர்ல எடுத்தா வராதுங்க."

"ஓட்டுனதெல்லாம் இவதானுங்க."

"பாலிசில உங்க பேருதானுங்களே இருக்குது."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமே இல்லை. "ஏனுங்க, எதுக்கு வீணாக்கோணும்? உங்க பேர்லயே போட்டுருங்க" என்றாள். அந்தக் கோபமில்லாத குரல்தான் என்னைச் சுட்டது.

"அம்மணி பேர்லயே போடுங்க" என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன்.

"தண்டச் செலவு" என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். ஒரு லாரி ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது. க்ளெய்ம் கேட்காத வருடங்களின் கணக்கு அவள் பெயருக்கு அன்றுதான் தொடங்கியிருந்தது. அது கெடாமல் இருக்க என்னால் முடிந்தது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான்.