மஞ்சள் பூசிய வாசக்கால்

1. தள்ளி நில்லு

"இன்ஜினியரம்மா, தப்பா நெனச்சுக்காத. அப்டி கொஞ்சம் தள்ளி, ஜல்லியாண்ட போய் நின்னுக்கோ. நல்ல காரியம் நடக்கற எடம்."

இதைச் சொன்னவர் சகுந்தலா அம்மா. திருவொற்றியூரில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுச் சொந்தக்காரரின் தாயார். அன்று அந்த வீட்டுக்கு வாசக்கால் வைக்கும் நாள். நான் சைட் சூப்பர்வைசர். கட்டை செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கையில் வைத்துக்கொண்டு வாசக்காலுக்கு எதிரே நின்றிருந்தேன். அங்கே நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டிப்ளமோ சிவில் படித்துவிட்டு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தனி வீடுகள் கட்டித் தரும் ஒரு சின்ன பில்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவள் நான். புதிதாக சைட்டுக்கு வருகிற பிள்ளைகள் கம்பியையும் சிமெண்டையும் கவனிக்கிற அளவுக்கு மரத்தைக் கவனிப்பதில்லை. கேட்டால், "அது கார்பெண்டர் பாத்துப்பாரு மேடம்" என்கிறார்கள். பார்த்துக்கொள்வார், நன்றாகவே பார்த்துக்கொள்வார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாசக்கால் வந்து இறங்கியதும் சூப்பர்வைசர் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மரத்தில் முறுக்கு இருக்கிறதா, மூலை மட்டத்துக்கு நிற்கிறதா, முக்கியமாக, கட்டையில் வெள்ளை இருக்கிறதா. மரத்தின் நடுவிலே இருப்பது வைரம். வெளியோரம் வெளுத்துக் கிடப்பதைத்தான் வெள்ளை என்போம். தேக்காகவே இருந்தாலும் வெள்ளைப் பகுதியை வண்டு விடாது. துளைத்து மாவாக்கிவிடும். வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெள்ளையை அறுத்து எறிய வேண்டும். எறிய மனசு வராதவர்கள் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மறைப்பார்கள்.

அந்த வாசக்காலை நான் பட்டறையிலேயே பார்த்திருக்க வேண்டியது. கார்பெண்டர் தாஸ், மரம் வரத் தாமதம், வேலை முடியவில்லை என்று இழுத்தடித்து, பூஜை அன்று காலையில்தான் டாடா ஏஸில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கும்போதே மேலிருந்து கீழ்வரை, நான்கு பக்கமும் கெட்டியாக மஞ்சள் பூசியிருந்தது.

"இன்னாய்யா இது? பாக்கறதுக்கு முன்னாடியே பூசி எடுத்தாந்துகீற?" என்றேன்.

"வெள்ளிக்கெழம பாருங்க மேடம், மங்களமா இருக்கட்டும்னு நானே பூசிட்டேன்" என்று பல்லைக் காட்டினார்.

சகுந்தலா அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ஆசாரின்னா இவருதான்! எவ்ளோ பக்தி பாரு!" என்று மருமகளிடம் சொன்னார். மருமகள் பெயர் குமாரி. மீஞ்சூர்ப் பெண். கணவர் மோகன்தான் வீட்டுச் சொந்தக்காரர், ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். கல்யாணமாகி நாலைந்து வருஷம் குழந்தை இல்லாமலிருந்து, வீடு முடிகிற சமயத்தில்தான் உண்டானாள்.

நான் பையிலிருந்து உளியை எடுத்தேன். ஓரத்தில் ஒரு சீவு சீவினால் வைரமா வெள்ளையா என்று தெரிந்துவிடும். அப்போதுதான் அந்தம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கு வந்த முதல் வாசக்கால் பூஜை அது. அதற்கு முன்பு எத்தனையோ வீடுகளில், "இன்ஜினியரம்மா, நீங்களே மொதல்ல மஞ்சா வைங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தவர்கள் உண்டு. தாம்பூலம், ரவிக்கைத் துணி எல்லாம் கிடைக்கும். அதே கைதான், அதே தூக்குக்குண்டுதான். நெற்றியில் பொட்டில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பில்டர் முதலாளியைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கெட்டவரில்லை. வாட்சைப் பார்த்தபடி பக்கத்தில் வந்து, "வசந்தா, பிரச்சன பண்ணாத. நல்ல நேரம் முடியப் போவுதுல்லா. பூஜ முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

தாஸ் தலையைக் குனிந்துகொண்டு வாசக்காலைச் சுவரோடு பிடிக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் கிளாம்ப்பை முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

நான் ஜல்லிக் குவியல் பக்கம் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. சித்தாள் பெண்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கொத்தனார் ஏழுமலை நல்ல வேலைக்காரர், தூக்கு சரியாகப் பார்த்து நிறுத்தினார். நவதானியம் போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மறுபடியும் உளியோடு போனேன். சகுந்தலா அம்மா குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"இன்னாமா நீ? சாமி வந்து ஒக்காந்துகினு கீது. இப்போ போய் இரும்ப வெச்சி சீவுனா வூடு வெளங்குமா?"

முதலாளி கண்ணைக் காட்டினார். உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

2. மாவு

கிரகப்பிரவேசம் முடிந்து சில மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். "திருவொற்றியூர் வீட்டுல வாசக்கால்ல மாவு கொட்டுதாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா."

போனேன். ட்ரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே சகுந்தலா அம்மா வாசலில் நிற்பது தெரிந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வாசற்படியில் இட்ட கோலத்தின் மேல், அரிசி மாவைச் சலித்துக் கொட்டினாற்போல மெல்லிய மரத்தூள். இடது கால் கட்டையில் குண்டூசித் துளைகள்.

"தெனம் பெருக்குறேன். தெனம் கொட்டுது" என்றார் அந்தம்மா. கோலத்தைப் பார்த்தபடியே, "குமாரிக்குக் கலைஞ்சி போச்சி. அஞ்சாம் மாசம். அம்மா வூட்டுக்கு மீஞ்சூருக்கு இட்டுக்கினு போயிட்டாங்கோ. சரியா துன்ன மாட்டேங்குது, பேச மாட்டேங்குது" என்றார்.

ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"அன்னிக்கே நெனச்சேன். பூஜ நடக்கறப்போ நீ எதிருக்க நின்ன. தள்ளிப் போன்னு சொல்றதுக்குள்ள நின்னுட்ட. வாசக்காலும் உளுத்துச்சு, வவுத்துல இருந்ததும் போச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றுதான் அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கட்டையைப் பார்க்க வந்தவளைத் தள்ளி நிறுத்தினார்கள். பார்க்காததால் கெட்ட கட்டை நின்றது. இப்போது கட்டை கெட்டதற்குக் காரணம் நான் நின்றது!

உளியை எடுத்தேன். அன்று யாரும் தடுக்கவில்லை. பாலிஷ்காரர் கொடுத்திருந்த தேக்குக் கலரைச் சீவியதும் உள்ளே வெள்ளை தெரிந்தது, முழங்கால் உயரம் வரைக்கும். சுவரோரமாகச் சிமெண்டைக் கொத்திப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. கட்டையில போறவன், இதை மறைக்கத்தான் மஞ்சள் பூசியிருக்கிறான்.

தாஸை வரவழைத்தோம். "கட்டைல கொஞ்சம் வெள்ள வர்றது சகஜம்தான மேடம். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

"கடைக்காரனா வந்து மஞ்சா பூசுனான்?" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

சகுந்தலா அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். வெள்ளை எது, வைரம் எது, வண்டு எப்படி வருகிறது, மஞ்சள் எதற்காகப் பூசப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குனிந்து பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தாஸைப் பார்த்து, "நீ நல்லா இருப்பியாடா?" என்று மண்ணை வாரித் தூற்றினார். பிறகு என்னிடம் திரும்பி, "சரிம்மா, கட்டைய மாத்திப்புடலாம். போன புள்ள வருமா?" என்றார்.

உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எம்.கே.பி. நகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

3. மாத்தூர் பட்டறை

தாஸை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். புது வாசக்காலை மாத்தூரில் வேறொரு பட்டறையில் கொடுத்தோம்; நல்ல மரம் கிடைக்கவே சில மாதம் ஆயிற்று. மரம் அறுக்கும்போது போனேன், இழைக்கும்போது போனேன், கட்டைகளைப் பொருத்திக் கூட்டும்போதும் போனேன். "இன்னா மேடம், பொண்ணு பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கறீங்கோ" என்று அங்கிருந்தவர் கிண்டல் செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசக்காலை ஏற்றுவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆட்டோவில் குமாரி வந்து இறங்கினாள். மீஞ்சூரிலிருந்து திரும்பி இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது; தனியாக வந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"அக்கா, நானும் பாக்கட்டா?"

காட்டினேன். ஒவ்வொரு பக்கமும் உளியால் லேசாகச் சீவி, உள்ளே பழுப்பாக ஒரே நிறமாக இருப்பதைக் காட்டினேன். மூலைக்கு மூலை நூல் பிடித்து முறுக்கு இல்லை என்று காட்டினேன். சுருண்டு விழுந்த சீவலை எடுத்து மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும்க்கா, கட்டதான் காரணம்னு. அத்தையாண்ட சொன்னேன். இவுராண்டயும் சொன்னேன். அந்தக்காவ ஏன் இதுல இஸ்துகினு வரீங்கன்னு சண்டையே போட்டேன்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு நானே தூக்குப் பார்க்கிறேன், ஒரு நூல் பிசகாது என்றேன்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

"அக்கா, மறுபடி நாள் தள்ளிப் போயிருக்கு. யாருக்கும் இன்னும் சொல்லல."

"ஐயோ, நல்ல சேதிதானே குமாரி!"

"நாளைக்கு நீங்க வராதீங்கக்கா. அத்த எதுனா சொல்லும், எதுக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அழ ஆரம்பித்துவிட்டாள். "இல்லக்கா, பொய் சொல்றேன். அத்த இல்ல. எனக்கே பயமா கீதுக்கா. கட்டதான்னு தெரியும். தெரிஞ்சாலும் பயமா கீது."

மாமியார் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கத்த முடிந்தது. இவளிடம் எதைக் கத்துவது? பயந்துபோன பெண். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளுக்காக வருத்தப்பட்டேன், எனக்காகவும் வருத்தப்பட்டேன். இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"சரிம்மா, வரல. நீ ஒடம்ப பாத்துக்கோ" என்றேன். பட்டறைக்காரர் எங்களைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபடி ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

4. போட்டோவில் தூக்கு

மறுநாள் ஏழுமலையிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். முன்பக்கம் ஒரு தூக்கு, பக்கவாட்டில் ஒரு தூக்கு, இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கிளாம்ப் இறுகின பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும் என்றேன். "கவலப்படாதீங்க மேடம்" என்றார். வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சமைக்கத் தோன்றவில்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நூலுக்கும் கட்டைக்கும் நடுவே மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி. சரியாக இருந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவுகிற கைகள் தெரிந்தன. வளையல் போட்ட கைகள். ஓகே என்று பதில் அனுப்பினேன்.

சைட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மரத்தைப் பட்டறையில் பாருங்கள். மஞ்சளுக்கு முன், பிரைமருக்கு முன், பாலிஷுக்கு முன் பாருங்கள். சுவர்ப் பக்கம் போகிற முகத்தை முதலில் பாருங்கள். பூஜை நாளில் வந்து இறங்குகிற வாசக்காலை இறக்கவே விடாதீர்கள். நல்ல நேரம் இன்னொரு நாளும் வரும். யாராவது உங்களைத் தள்ளி நிற்கச் சொன்னால், வேலையை முடித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அன்று நான் ஜல்லிப் பக்கம் போகாமல் அங்கேயே நின்று ஒரு சீவு சீவியிருந்தால், வசை வாங்கியிருப்பேன். ஆனால் அந்தக் கட்டை அங்கே நின்றிருக்காது.

குமாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மோகன் ஆபீசுக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டுப் போனதாகச் சொல்லி, முதலாளி அதை என்னிடம் நீட்டினார்.

"மோகன் அம்மாவுக்கு ஒரே சந்தோசமாம். இந்தத் தடவ எல்லாம் மொறையா நடந்துச்சாம், அதான் புள்ள நல்லபடியா பொறந்திருக்காம்" என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்ததுபோல வேறு பக்கம் பார்த்தார்.

"குமாரி இன்னா சொல்லுச்சாம்?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளையும் அப்படித்தான் சொல்லுதாம்" என்றார்.

ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன். குழந்தை நன்றாக இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் போகாததால்தான் அந்தப் பிள்ளை பிழைத்தது என்று ஒரு வீட்டில் நம்புகிறார்கள். அந்த வீட்டுக்கு நான் பார்த்து அனுப்பிய வாசக்கால் இன்றுவரை ஒரு துளி மாவு கொட்டவில்லை. அதற்கும் அதையேதான் காரணமாகச் சொல்வார்கள்.