ஏன் நாலு பேர்?

வாத்தியார் வேலையில் பிள்ளைகள் பதில் தெரியாமல் விழிப்பதைச் சமாளித்துவிடலாம்; அவர்களாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தால்தான் நம் பாடு திண்டாட்டம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததில்லை. நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள்.

கேட்டு வாங்கியது

பிள்ளைகளே பாடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், ஆசிரியர் ஓரமாக நிற்கட்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் ஏழாம் வகுப்பிடம், வெள்ளிக்கிழமை மதியம் உங்களுடையது, என்ன தெரிந்துகொள்ள ஆசையோ அதை நீங்களே கண்டுபிடிக்கலாம் என்றேன். நிலா, டைனோசர் என்று ஏதாவது வரும் என நம்பிப் படமெல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

முத்துமாரி எழுந்தாள். அவள் அம்மா செல்வி வெடிக்கு மருந்து அடைக்கும் ரூமில் வேலை பார்ப்பவர். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கம்பெனியில் போர்டு இருக்கிறதாமே, ஏன் நாலு பேர் என்றாள். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த மாதிரி ரூம்களில்தான் இருக்கிறார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நழுவப் பார்த்தேன். முத்துமாரி விடவில்லை.

"நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர். நாங்களா கண்டுபிடிக்கணும்னு நீங்கதான சொன்னீக?"

சாக்பீஸ் கம்பெனி

தரையில் சாக்பீஸால் ரூம் வரைந்து, எதிரெதிரே வாசல் விட்டார்கள். சரக்குக்குப் பதில் புத்தகப் பைகள். ஒருத்தி கை தட்டினால் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட வேண்டும். நாலு பேரும் ஓடிவிட்டார்கள். ஏழு பேரை வைத்தபோது வாசலில் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். முத்துமாரி மட்டும் கீழே கிடந்தவளைக் காட்டி, இது யாரோட அம்மா என்று கேட்டாள். அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று.

சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"பெஞ்சு, ஃபேன் எல்லாம் கம்பெனிக்காரக குடுத்தது டீச்சர். இந்த ஒரு பாடத்த மட்டும் பிள்ளைக வேணாம்னு சொல்ல மாட்டாகளா?"

வீட்டுப்பாடம்

நான் எதுவும் கொடுக்கவில்லை, அவர்களே வைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் ரூமில் எத்தனை பேர் என்று தினமும் கேட்க வேண்டும். முத்துமாரி பதில் வராமல் சோற்றில் கை வைப்பதில்லையாம். கம்பெனியிலோ சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, நாலு பேர் கணக்கையெல்லாம் யார் பார்க்கிறார்கள்! ஒரு நாள் காலை, கம்பெனி வேனுக்குப் போகிற வழியில் செல்வி என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவரோ என்னைவிடப் பயந்துபோயிருந்தார்.

"வெளிய தெரிஞ்சு கம்பெனிக்கு சீல் வச்சுட்டா, நாலு பேரு என்ன, ஒருத்திக்கும் வேல கெடையாது டீச்சர்."

ஐந்தாவது ஆள்

அடுத்த வாரம், இரண்டாவது பாடவேளையில் செல்வி பள்ளி வாசலில் நின்றார். வேலை நேரத்தில் கம்பெனி ஆள் வந்து நின்றால் இந்த ஊரில் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, வானத்தில் புகை தெரிகிறதா என்றுதான் பார்ப்போம். நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் செல்வியின் முகத்தைப் பார்த்தேன்.

ரூமுக்குள் ஐந்தாவது ஆளைப் போர்மேன் அனுப்பியதும், மகள் முகம் ஞாபகம் வந்து எழுந்து வெளியே வந்துவிட்டாராம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். என்னால்தானே என்று நான் தடுமாறினேன். செல்வி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது வேறாக இருந்தது.

"என் எடத்துல உடனே ஒருத்திய உக்கார வச்சுட்டாக. புதுசாக் கல்யாணம் முடிஞ்ச புள்ள. போர்டக் காமிச்சேன், தலைய ஆட்டிட்டு உக்காந்துட்டா. உங்ககிட்ட படிச்சவளாம் டீச்சர்."

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாலே எனக்குப் பயமாக இருக்கிறது. தூக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.