நேராக நின்ற வண்டி

லொரீன் ஹஸ்கெல் அமெரிக்க மலையூரான ராக் ஸ்பிரிங்ஸில் பாதி ஆயுள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை. அவள் கணவன் டெல்பர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் வாசல்வரை நடக்க முடியாது. "இந்த உயரத்துல இன்னொரு குளிர்காலம் தாங்காது. பனி விழறதுக்குள்ள கீழ இறங்கிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டை விற்று, முப்பதடி ட்ரெய்லர் ஒன்று வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள். அரிசோனாவில் இனி அதுதான் வீடு. அதை இழுத்துப்போக டெல்பர்ட்டின் பிக்கப் லாரி.

"பதினோராயிரம் பவுண்டு இழுக்கும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். இது எட்டாயிரத்துச் சொச்சம். அப்புறம் என்ன?" என்றான் டெல்பர்ட்.

லொரீன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஆட்களும் சாமான்களும் சேர்த்து ஆயிரத்து நானூறு பவுண்டுதான் தாங்கும். இழுப்பது வேறு, முதுகில் தாங்குவது வேறு. ட்ரெய்லரின் மூக்கு மட்டுமே பிக்கப்பின் பின்கொக்கியில் ஆயிரம் பவுண்டு அழுத்தும். மிச்சத்தில் இவர்கள் இருவர், நாய், சிலிண்டர்கள், டெல்பர்ட்டின் இரும்புக் கருவிப்பெட்டி.

மாட்டிப் பார்த்தபோது பிக்கப் பின்பக்கம் குந்திக்கொண்டது. பக்கத்து வீட்டு கர்ட் வந்து பின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே காற்றுப்பைகளைப் பொருத்தி ஊதினான். வண்டி நிமிர்ந்தது. நேராக நிற்கும் வண்டிக்குப் பாரம் சரி என்பது அந்தப் பக்கத்து ஆண்களின் கணக்கு.

"ரசமட்டம் வெச்சுப் பாரு லொரீன், ஒரு குறை சொல்ல முடியாது."

"பை தூக்கித்தான் நிறுத்துது, கர்ட். பாரம் எங்க போச்சு? அச்சு மேலதான இருக்கு?"

"ஏறி உக்காரு கர்ட், ஸ்கூல் பஸ் வந்துடுச்சு" என்று சிரிக்க ஆரம்பித்த டெல்பர்ட் இருமலில் முடித்தான்.

லாரிகளை நிறுக்கும் மேடையில் ஏற்றினார்கள். பின்னச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. முன்சக்கரங்கள் லேசாகியிருந்தன.

"ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது, டெல். இதைக் கொடுத்துட்டுப் பெரிய வண்டியா எடுப்போம்."

"வீட்டை வித்தாச்சு. துப்பாக்கியை வித்தாச்சு. இதையும் வித்துட்டா நான் வெறும் குழாய் மாட்டின கிழவன்."

கருவிப்பெட்டியைக் கர்ட்டிடம் விட்டுவிட மட்டும் சம்மதித்தான். மறுபடி எடைபோட்டபோது பின்னச்சு வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கிளம்பும் காலையில் ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டி வாயடியில் ஈரக் குழாய் கிடந்தது. தொட்டி நிரம்பியிருந்தது.

"அரிசோனாத் தண்ணில எவன் காபி குடிப்பான்? நம்ம கிணத்துத் தண்ணி" என்றான் டெல்பர்ட்.

அந்தத் தொட்டி முன்பக்கம் இருந்தது. நானூறு பவுண்டு, நேராகக் கொக்கிமேல். மெல்லிய வடிகுழாயில் வடிய விட்டால் இரண்டு மணி நேரம் போகும். மத்தியானம் பனி என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. லொரீன் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்காத அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

மலை ஏறும்வரை ஒன்றுமில்லை. வெர்னல் ஊர்ப் பக்கம் இறங்கும்போது பக்கவாட்டில் காற்று அறைந்தது. ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது.

"காலை எடு, டெல்! ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அழுத்து!"

அவன் பயத்தில் காலால் மிதித்தான். ட்ரெய்லர் சாய்ந்து, பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. நாய் செத்தது. இவர்கள் கீறல்களோடு வெளியே வந்தார்கள். சரிவெங்கும் தட்டுகளும் போர்வைகளும் தகரமும் சிதறிக் கிடந்தன.

போக வீடில்லை, வண்டியில்லை. டெல்பர்ட்டின் தங்கை ராக் ஸ்பிரிங்ஸில் கொடுத்த பின்னறைக்குத் திரும்பினார்கள். டாக்டர் பயந்த குளிர்காலம் வந்தது. டிசம்பர்ப் பனியை அவன் எப்படியோ தாண்டினான். பிப்ரவரியில் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் ஹாம் சாண்ட்விச் பரிமாறினார்கள். கர்ட் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அடிச்ச காத்துக்கு எந்த வண்டியும் நின்னிருக்காது, லொரீன்."

"காத்து இல்ல, கர்ட். பாரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏறி உக்காந்தேன்."

அவள் எழுந்துபோய் நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினாள்.