தலையைக் கொஞ்சம் குனிங்க

பிடரியில் இரண்டு தடவை, காதுக்குப் பின்னால் ஒரு தடவை. தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கையில் எடுத்தால் அவளுடைய ஆள்காட்டி விரல் நேராக விசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூடவே வாயும், "தலையைக் கொஞ்சம் குனிங்க" என்று சொல்லிவிடும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் குனிவார். கத்திரியக்கா சொன்னால் அந்தத் தெருவில் எல்லாத் தலைகளும் குனியும்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவளுடைய முடிதிருத்தும் கடையின் பூட்டை உடைத்து, கத்திரிகளையும் மெஷினையும் யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். பாதி தீர்ந்த ஷாம்பூவைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து தெருவிளக்கு எரிவதற்குள் அவள் ஷட்டரை இழுத்துவிடுகிறாள். வேலை முடிந்து வருகிற கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குப் போகிறது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால்தான் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தாள்.

"திருடன் வந்தா ஷாம்பூ போட்டு அனுப்புற ஆளு நீ. நீயா சுடப் போற?" என்றார் லாரி ஓட்டும் கணவர்.

"ஷாம்பூவையும்தான் தூக்கிட்டுப் போயிட்டானே," என்றாள் அவள்.

விதிகளைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துப்பாக்கியைச் சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டுமாம். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. "அப்ப திருடன் வந்தா, தம்பி செத்த உக்காருப்பா, சாவியத் தேடிட்டு வரேன்னு சொல்லணும்," என்று நாற்காலியில் இருந்தவரிடம் சொன்னாள். சொன்னாளே தவிர, விதிகளை வரி பிசகாமல் படித்தாள். எழுத்துத் தேர்வில் தேறினாள்.

கைத்தேர்வில்தான் மானம் போனது. சுடும் நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியிருக்க வேண்டும். அவள் விரலோ பிறந்த வீட்டுக்குப் போவதுபோல உள்ளே போனது. அவள் நிற்கும் விதத்தைத் திருத்தத் தேர்வு அதிகாரி பக்கத்தில் வந்து லேசாகத் திரும்பினார். பிடரி தெரிந்தது. துப்பாக்கி பிடித்த கை தானாக அந்தப் பக்கம் போனது. வாயும் தானாகத் திறந்தது.

"தலையைக் கொஞ்சம் குனிங்க."

அவர் குனியவில்லை, குப்புறப் படுத்துவிட்டார். காலித் துப்பாக்கிதான். ஆனால் காலி என்று எந்தத் துப்பாக்கியையும் நம்பக் கூடாது என்பதுதானே முதல் விதி. தரையில் கிடந்தபடியே, "அடுத்த தடவையும் தவறினா ஒரு வருஷம் இந்தப் பக்கம் வர முடியாதும்மா," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் ஆசை இருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

துப்பாக்கிக் கடைக்காரரிடம் போனாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற, பளபளவென்று மின்னுகிற ஒன்றில் அவளுக்குக் கண். பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பார்த்தால் அதில் தோட்டா அடிக்கடி சிக்கியது. கடைக்காரர் வாங்கிச் சுட்டார், சமர்த்தாகச் சுட்டது.

"துப்பாக்கிமேல குத்தம் இல்லக்கா. உங்க மணிக்கட்டுதான் வெண்ணெய்," என்றார் அவர். முடி வெட்டுகிற கை தளர்ந்திருக்க வேண்டும். சுடுகிற கை இறுகியிருக்க வேண்டும், தளர்ந்தால் தோட்டா சிக்கும். சின்னது என்றால் இன்னும் ரோஷம் அதிகம். கொஞ்சம் பெரியது, கறுப்பு, அழகே இல்லாதது ஒன்றை எடுத்து வைத்தார். வாங்கினாலும் உடனே நம்பிவிடக் கூடாதாம். எந்தத் தோட்டாவைப் போடப்போகிறோமோ அதையே வாரக்கணக்கில் சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டுமாம். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு கடையில் கூத்துதான். பாட்டிலின் பக்கவாட்டில் விரலை நீட்டி, முடி கிளிப் போட்டு இறுக்கினாள். "இப்ப தெளிக்கலாம்" என்று தனக்குத்தானே சொன்ன பிறகுதான் கிளிப்பை எடுப்பாள். பாட்டிலைத் தூக்கிய பிறகு யாராவது குறுக்கே நடந்தால் கை தாழ்ந்துவிடும். வருகிறவர்கள் காய்ந்த தலையோடு காத்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

இரண்டாவது தேர்வில் அதே அதிகாரி. இந்த முறை அவள் முதுகுக்குப் பின்னால், எட்டி நின்றார். முதல் தோட்டா போனது. இரண்டாவது சிக்கியது. விரல் தானாக வெளியே வந்து நீண்டது. துப்பாக்கி முனை இலக்கை விட்டு அசையவில்லை. தோட்டா அடுக்கிய மேகசினின் அடியில் ஒரு தட்டு. மேல்பகுதியைப் பின்னால் ஓர் இழுப்பு. சிக்கிய தோட்டா தெறித்து விழுந்தது. மெஷினில் சிக்கிய முடியை எடுக்கிற அதே அலட்சியம். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

இப்போது தெருவிளக்கு எரிந்த பிறகும் ஷட்டர் திறந்திருக்கிறது. அழகில்லாத கறுப்புத் துப்பாக்கி சுவர்ப் பெட்டிக்குள் தூங்குகிறது. நேற்று மாலை கூட்டத்தோடு கூட்டமாக அந்த அதிகாரியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் துணியைப் போர்த்தினாள், பாட்டிலை எடுத்தாள்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க."

அவர் குனியவில்லை. கண்ணாடியில் அவள் கையைத் தேடினார். அவள் பாட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் நீட்டியிருந்த விரலை அவருக்குக் காட்டினாள். அவர் தலை குனிகிறவரை அப்படியே வைத்திருந்தாள்.