ஒரு மூடித் தண்ணீர்

பட்டறையில் அவளுக்குப் பருந்து என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆலைகளுக்கான இரும்பு உருளைகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. கீழே பதினெட்டுப் பேர். அவர்களால் நகர்த்த முடியாத எதையும் அவள் தூக்கி, காட்டிய இடத்தில் முட்டையை வைப்பதுபோல வைத்துவிடுவாள்.

கூண்டுக்குச் செங்குத்தாக முப்பத்தெட்டுப் படி. காலை ஏழு மணிக்கு ஏறினால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவாள். அவள் இறங்கினால் கிரேன் நிற்கும்; கிரேன் நின்றால் பட்டறையே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கிரேன் ஓட்டுகிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வேலைக்கு வரும் நாளில் தண்ணீரைத் தொடாதே. வேலையில் சேர்ந்த அன்று அவளுக்கு முதலில் சொன்னதே இதுதான். பிரேக் எது, லீவர் எது என்பதெல்லாம் அப்புறம்தான். அவளுடைய பிளாஸ்க்கின் மூடிதான் அளவு. ஏறியதும் ஒரு மூடி, நடுவில் தொண்டை வறண்டால் இன்னொரு மூடி. அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விரல்களில் மூட்டுவாதம் வந்தது. காலையில் எழுந்தால் பத்து விரலும் பத்துக் கட்டை. கிரேன் லீவரில் முதல் பல் என்று ஒன்று உண்டு. அதில் வைத்தால் கொக்கி நூல் நூலாக இறங்கும். அந்தப் பல்லைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் கேட்க வேண்டும். விரல் மரத்துவிட்டால் பருந்து வெறும் கோழிதான்.

மூட்டு டாக்டரம்மா கொடுத்த முதல் மருந்து கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்ததாக ஓர் ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலை எழுதினார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கிருமி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிருமி மருந்தை ஏன் தருகிறீர்கள் என்று அவள் கேட்டாள். இந்த மருந்துக்கு வீக்கத்தைத் தணிக்கிற வேறொரு வேலையும் தெரியும், எல்லோருக்கும் கேட்காது, உங்களுக்குக் கேட்கிறதா என்று மூன்று மாதம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. நடுவில் தானாக நிறுத்திவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அந்த மூன்று மாதக் கடைசியில்தான் பட்டறைக்குப் பெரிய வேலை ஒன்று காத்திருந்தது. பதினாலு டன் உருளை ஒன்றைத் தூக்கி அதன் தாங்கிகளில் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்குக் கூண்டில் யார் என்பதை ஒரு மாதம் முன்னால் முடிவு செய்வதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார். அவள் இல்லையென்றால் அவளுக்குக் கருவி அறை. அங்கே ஸ்பேனர் எண்ணப் போனவர்கள் யாரும் திரும்பி மேலே ஏறியதில்லை.

காப்ஸ்யூல் தொடங்கிய ஒன்பதாம் நாள் வயிறு வேலையைக் காட்டியது. முதலில் குமட்டல். பிறகு, சூடான திருகாணியை விழுங்கியதுபோல நெஞ்சுக்கு நடுவே ஓர் எரிச்சல். பிறகு வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் மூன்று முறை இறங்கினாள். கீழே நின்று கையால் சைகை காட்டுபவர் அவளுக்குத் தம்பி மாதிரி. தூக்கு, இறக்கு, மெல்ல, நிறுத்து என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சைகை இருந்தது. வயிற்றுக்கு மட்டும் இல்லை. மூன்றாம் முறை அவள் ஹாரனை அடித்துவிட்டுப் பாய்ந்து இறங்கியதில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் வாளியோடு ஓடி வந்தார்கள்.

ஃபோர்மேன் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏம்மா, உடம்பு முக்கியம். கொஞ்ச நாள் கீழ இருந்து பாரேன். கருவி அறையில நாற்காலி இருக்கு, பக்கத்துலயே பாத்ரூம் இருக்கு."

"நாற்காலி மேலயும் இருக்குங்க," என்றாள்.

வீட்டில் அவள் கணவர், பள்ளி வேன் ஓட்டுபவர், மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். அவள் கேட்காததால், வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவுக் காப்ஸ்யூலோடு சேர்த்துப் பால் கொடுக்க ஆரம்பித்தார். எரிச்சல் லேசாக அடங்கியதுபோல இருக்கவே அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வேனில் வரும் பிள்ளைகளிடமெல்லாம் தான் பாதி டாக்டர் என்று சொல்லிக்கொண்டார்.

"நிறுத்தினா என்ன குடி முழுகிடும்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நிறுத்தினா விரல் போயிடும். வயிறு இப்படியே இருந்தா கூண்டு போயிடும். நான் ரெண்டையும் விடறதா இல்லைங்க. நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். அவள் சும்மா இருக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் கூண்டின் தகட்டில் சாக்கட்டியால் குறிக்க ஆரம்பித்தாள். காப்ஸ்யூல் விழுங்கிய நேரம், எரிச்சல் தொடங்கிய நேரம், இறங்கிய நேரம். சங்கிலி எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்கவும் அவள் இதைத்தான் செய்வாள்; சத்தம் வந்த இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் பிடிபட்டுவிடும். நான்கு நாள் குறித்ததை, கையுறைப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை ஒன்றின் பின்புறம் எழுதிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா அட்டையைக் கீழிருந்து மேலாக ஒருமுறை, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். காய்ச்சல் உண்டா, ரத்தம் போகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. தலை சுற்றினால் அன்றைக்கு ஏணியைத் தொடக் கூடாது, உடனே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். பிறகு, மருந்தை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறவள் என்ற பெருமையோடு அவள் சொன்னாள்: "டாண்ணு ஏழு மணிக்குங்க. கூண்டுல உக்காந்ததும். வெறும் வயிறு. ஒரு மூடித் தண்ணி."

"மூடின்னா?"

அவள் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியைக் கழற்றப் பார்த்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. டாக்டரம்மாவே கழற்றி, அதில் தண்ணீர் நிரப்பி, தன் உள்ளங்கையில் கவிழ்த்தார். கையிலிருந்து ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

"குடிச்சிட்டு என்ன செய்வீங்க?"

என்ன செய்வாள், கிரேன் ஓட்டுவாள். உட்கார்ந்தபடியே உடம்பை மடக்கிக் காட்டினாள். கீழே நிற்பவரின் கையைப் பார்க்க, முழங்காலில் நெஞ்சு படக் குனிந்துதான் ஓட்ட வேண்டும்.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தண்ணியோட சாப்பிடணும்னு எழுதினேன். எவ்வளவுன்னு எழுதல. அது என் தப்பு." காப்ஸ்யூல் வயிற்றுக்குப் போய்ச் சேராமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்குகிறது என்றார். குனிந்து உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். இனிமேல் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். படுக்கப் போகும்போது விழுங்கக் கூடாது. வயிற்றுப்போக்கு அதிகமானாலோ, ரத்தமோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். பால் கதையைக் கேட்டதும் கையை ஆட்டினார். "பால் வேண்டாம். மருந்து உடம்புல சேராம பிடிச்சு வச்சுக்கும்."

பாதி டாக்டரின் பதவி அன்று மாலையே பறிபோனது.

ஆனால் பெரிய டம்ளர் தண்ணீர் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத்தானே தெரியும். இருபத்திரண்டு வருடச் சட்டம் ஒரே மிடறில் உடைகிறது. பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தவள் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினாள். மறுநாளிலிருந்து ஐந்தே காலுக்கு எழுந்தாள். ரொட்டி, அவித்த முட்டை, காப்ஸ்யூல், நிறையத் தண்ணீர். பட்டறை வரை பேருந்தில் ஏறாமல் நடந்தாள், நிமிர்ந்து. ஏறுவதற்கு முன் ஒருமுறை பாத்ரூம். அப்படியும் மதியம் வரை தாங்காது. நடுவில் ஒருமுறை இறங்கியாக வேண்டும்.

அதற்கும் ஒரு வழி அவள் கண் எதிரிலேயே இருந்தது. தினமும் பத்து மணிக்குக் கொக்கியிலிருந்து கம்பி வடங்களைக் கழற்றி, இழை அறுந்திருக்கிறதா என்று இரண்டு பேர் தடவிப் பார்ப்பார்கள். அந்த இருபது நிமிடமும் கிரேன் சும்மாதான் நிற்கும். அவள் ஃபோர்மேனிடம் போனாள். அந்த நேரத்தில் இறங்கி ஏறிக்கொள்கிறேன், ஒரு நிமிடம்கூட யாரும் எனக்காக நிற்க வேண்டியதில்லை என்றாள்.

"இவ்வளவு நாளா அந்த இருபது நிமிஷம் மேல என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"உங்க தலையைப் பாத்துட்டிருந்தேங்க. வழுக்கை எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு வேணும்னா சொல்றேன்."

ஃபோர்மேன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். சரி, பார்ப்போம் என்றார்.

ஐந்தாறு நாளில் நெஞ்செரிச்சல் போய்விட்டது. வயிறு அவ்வளவு சுலபத்தில் வழிக்கு வரவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுவாரம் முறைத்துக்கொள்ளும். அவள் சாக்கட்டியை விடவில்லை. காரம் சாப்பிட்ட மறுநாள் இறங்கியிருக்கிறாள் என்று குறி சொன்னது; காரத்தை விட்டாள். சைகைக்காரர் தன் பங்குக்குப் புதிதாக ஒரு சைகை கண்டுபிடித்தார். கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினால், தண்ணீர் குடித்தாயா அக்கா என்று அர்த்தம். அவள் தலையை ஆட்டினால்தான் அடுத்த சுமையைக் கட்டுவார்.

விரல்கள் மட்டும் ஆறு வாரம் வரை வாயே திறக்கவில்லை. இத்தனை பாடும் வீண்தானோ என்று ஒரு நாள் காலையில், ரொட்டியை மென்றுகொண்டே, முதல் தடவையாக நினைத்தாள். நினைத்தபடியே காப்ஸ்யூலை விழுங்கினாள். எட்டாம் வாரத்தில் கணவர், காலையில் வழக்கம்போல மூடியைத் தளர்த்திக் கொடுக்கப் பிளாஸ்க்கை எடுத்தபோது அதன் மூடி ஏற்கனவே கழன்று மேசைமேல் கிடந்தது. அவர் தண்ணீரை மட்டும் நிரப்பிக் கொடுத்தார். அந்த வாரம் ஃபோர்மேன் பெயர்ப் பலகையில் பதினாலு டன்னுக்கு நேராகப் பருந்து என்று எழுதினார்.

அந்த நாளும் வந்தது. உருளை எழுந்தது, நகர்ந்தது, தாங்கிகளுக்கு மேலே வந்து நின்றது. இன்னும் நான்கு விரல்கடை இறங்க வேண்டும். அப்போது வயிறு ஒருமுறை முறுக்கிப் பிடித்தது. அவசரப்பட்டு முடித்துவிடலாம் என்று கை துடித்தது. அவள் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். பிரேக் பிடித்துக்கொண்டது. பதினாலு டன்னும் பதினெட்டுப் பேரும் காத்திருக்க, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை மெல்ல விட்டாள். ஃபோர்மேன் ஏதோ கத்த வாயெடுத்தார். சைகைக்காரர் அவரைப் பார்க்காமலே உள்ளங்கையை விரித்துக் காட்டினார்: நிறுத்து. அந்தச் சைகை கிரேனுக்கு அல்ல, ஃபோர்மேனுக்கு.

முறுக்கல் தளர்ந்தது. அவள் குனிந்தாள். விரலுக்கடியில் முதல் பல் தெளிவாகத் தட்டுப்பட்டது. நூல் நூலாக இறக்கினாள். உருளை உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கம்பி வடங்கள் தொய்ந்ததைப் பார்த்துத்தான் கீழே இருந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

மறுவாரம் டாக்டரம்மா இரண்டு கைகளையும் அழுத்திப் பார்த்தார். இடது கை நன்றாகத் தேறியிருக்கிறது, வலது கை பாதிதான் என்றார். இன்னும் மூன்று மாதம் சாப்பிட முடியுமா, வயிறு தாங்குமா என்று கேட்டார்.

"வயிறு என்னங்க வயிறு," என்றாள் அவள். "எழுதிக் கொடுங்க. தண்ணி எவ்வளவுன்னும் சேர்த்து எழுதிடுங்க. எங்க கிரேன்ல ராத்திரி ஷிஃப்ட் ஓட்டறவரும் மாத்திரை முழுங்கறது இதே மூடிக் கணக்குலதான், அவர்கிட்ட காட்டணும்."