அட்டையில் இரண்டு பெயர்

என் அண்ணன் ரெனால்ட் ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருபத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தான். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களில் ஆங்கிலப் பிழை திருத்துவது அவனுடைய பொறுப்பு. சரக்கு தாமதமாகும் என்பதை மனம் நோகாமல் நாற்பது விதமாக எழுதத் தெரியும் என்பான். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் அவனுக்குக் கொடுத்த சோறு அது.

ஒருமுறை, ஷூக்களைச் சோதிக்க வந்த வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் விருந்தினர் அறையில் ஒரு நாவலை மறந்துவிட்டுப் போனார். அண்ணன் முறைப்படி மின்னஞ்சல் அனுப்பினான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. கரீபியக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே மீன் விற்கிற ஒரு சந்தைக்காரி. அவளுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒரு வேலித் தகராறு. கதை அவ்வளவுதான். ஆனால் அவள் பேசுவதெல்லாம் அந்தத் தீவுக்காரர்கள் பேசுகிற ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் பேசினால் முட்டி போட வைப்பார்கள். அண்ணன் முதல் பன்னிரண்டு பக்கங்களில் பென்சிலால் பிழைகளை அடிக்கோடிட்டு, ஓரத்தில் திருத்தமும் எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடு பாதியில் நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு கோடுகளே இல்லை.

அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு எப்போது தோன்றியது என்று தெரியாது. வீட்டில் யாரும் அவனை அதற்குத் தகுதியானவன் என்று சொல்லியிருக்க மாட்டோம். எங்கள் அப்பா சபை உபதேசியார். வீட்டில் யாராவது "இன்னா" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்கு அறுபது சங்கீதங்கள் தெரியும். அண்ணனுக்கு நான்கு. அவ்வளவு நல்ல பிள்ளை. ஐம்பது வருடம் இந்த ஊரில் வாழ்ந்தும் இந்த ஊர்ப் பேச்சு அவன் வாயில் ஒட்டவில்லை.

ஆகவே அவன் முதலில் எழுதிய சந்தைக்காரி, "உன் வேலி சாம்பலாய்ப் போகக்கடவது, நீயும் உன் சந்ததியும் வெட்கப்பட்டுப் போவீர்கள்" என்று சண்டை போட்டாள். அண்ணனுக்கு அது கம்பீரமாகப் பட்டது. சோதித்துப் பார்க்கலாம் என்று, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தையல் பிரிவுப் பெண்களுக்குப் படித்துக் காட்டினான்.

பதினைந்து வருடமாக ஷூவின் மேல்தோல் தைத்துவந்த ஜெயம்மாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"சார், இது சண்டையா, ஜெபமா?"

"சண்டைதாம்மா."

"ஆமென்னு வாய் வரைக்கும் வந்துடிச்சி சார்."

அவர்களுடைய சூப்பர்வைசர் ஹுமேரா சிரித்தாள். "சார் பாவம்டி. வூட்ல சண்டையே போட்டதில்ல போல. ஜெயம்மாக்காவக் கேளுங்க சார், எங்க லைன்லயே அவங்களுக்குத்தான் வாய் ஜாஸ்தி."

அடுத்து அவன் படித்தது ஆட்டுக் காட்சி. சந்தைக்காரி காலையில் எழுந்து, தன் ஆட்டைக் கட்டிப்போட்டு, அதை ஒரு பக்கம் முழுக்கத் திட்டுகிறாள். அண்ணன் அதைத் தாய் மகளைச் செல்லமாகக் கடிந்துகொள்வது போல மொழிபெயர்த்திருந்தான். கீழே ஓர் அடிக்குறிப்பும் உண்டு: "பேச்சுத் துணையற்ற பெண்ணின் தனிமையை ஆசிரியர் இங்கே குறிப்பால் உணர்த்துகிறார்." அந்தக் குறிப்பை எழுத அவனுக்கு ஒரு வாரம் ஆனது.

"இன்னா சார் இது, ஆட்டையா திட்றா?" என்றாள் ஜெயம்மாள். "பக்கத்து வூட்டுக்காரி எங்க நிக்கிறா?"

"அவ இந்தக் காட்சியில இல்லையே."

"இருப்பா சார். நல்லாப் பாருங்க. நேராத் திட்டுனா பஞ்சாயத்துக்கு இஸ்துனு போவா. ஆட்டத் திட்டுனா யாரு இன்னா கேக்க முடியும்? 'என்னயா சொன்னே'ன்னு அவ வந்தா, 'ஏன், நீ ஆடா'ன்னு கேட்டுடலாம்."

அண்ணன் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினான். பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். வேலிக்கு அந்தப் புறம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு, ஒரே ஒரு வரியில். அந்த வரியை அவன் பதினொரு முறை படித்திருந்தான்.

அடிக்குறிப்பு அன்றைக்கே போயிற்று. அதன் பிறகு இரண்டு வருடம் மதிய அரைமணி நேரம் அந்த நாவலுக்குத்தான். அண்ணன் கதையைச் சொல்வான், அந்த இடத்தில் அவள் என்ன சொல்லுவாள் என்று ஜெயம்மாள் சொல்வாள், அவன் எழுதிக்கொள்வான். ஆட்டுக் காட்சி இப்படி ஆனது: "தின்னு, நல்லாத் தின்னு. ஊரா வூட்டு வேலிய மேஞ்ச வாயி, எந்த ஆத்துல போயி கழுவுவ?" அந்தக் கரீபியத் தீவு ஆடு அதற்குத் தலையசைத்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினான். அதன் ஆசிரியர் ஜெயப்பிரகாஷ் தொலைபேசியில் அழைத்து, மண்வாசனை தூக்குகிறது என்றார். எந்த மண் என்று அண்ணன் கேட்கவில்லை. தகராறு அட்டையில்தான் வந்தது. மொழிபெயர்ப்பு: ரெனால்ட், ஜெயம்மாள் என்று இரண்டு பெயர் வர வேண்டும் என்றான் அண்ணன்.

"அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி மொழிபெயர்ப்பாளர்னு போடறது? நன்றியில போட்டுடுவோம். முதல் வரியிலயே போடுவோம்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆடு தெரியலையே சார்."

ஒன்றரை வருடம் கடிதம் போனது, வந்தது. அதற்குள் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. நான் பாடம் எடுக்கும் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, வாரம் இரண்டு நாள் அவனோடு டயாலிசிஸுக்கு வேலூர் போவேன். பேருந்தில் நான் கெஞ்சுவேன்: "உன் பேர்ல மட்டும் வரட்டுமே அண்ணா. புத்தகத்தக் கையில வாங்கிப் பாரு."

"அவங்க வாயில இருந்து எடுத்துட்டு என் பேரப் போட்டுக்கறதா? அது திருட்டு ஹெப்சி."

அவன் ஜெயம்மாளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அச்சான புத்தகத்தில் அவள் பெயரைக் காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. பிழைப்பே பிழை திருத்துவதாக இருந்தவன், அந்த ஆசையை மட்டும் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் போய்விட்டான். நாற்பது நாள் கழித்துப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. மறைந்த மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தை மதித்து அட்டையில் இரண்டு பெயரும் இடம்பெறும். உயிரோடு இருந்தவனின் விருப்பத்தை மதிக்க அவர்களிடம் என்ன விதி இல்லாமல் போயிற்றோ தெரியவில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஜெயம்மாளின் ஊருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அவள் டீ போட்டுக் கொடுத்து, தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கமிருந்த சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டீச்சர், என் பேரு வேணாம்."

"ஏன்? நீங்க சொன்னதுதானே எல்லாம்?"

"நான் சொன்னது இல்ல டீச்சர், நடந்தது. எனக்கும் இந்தப் பக்கத்து வூட்ல இருக்கற எங்க ஓரகத்தி பூர்ணிமாவுக்கும் அஞ்சி வருசம் சண்ட ஓடிச்சி. நான் அவளச் சொன்னது, அவ என்னச் சொன்னது, ஒண்ணு வுடாம சார்கிட்ட ஒப்பிச்சிட்டேன். இப்ப நாங்க ஒத்துமையா இருக்கறோம். போன மாசம் எம் பேத்தி காது குத்துக்கு அவதான் நின்னு சமைச்சா. அவ புள்ள காலேஜ் படிக்கிறான். என் பேரப் பாத்தா வாங்கிப் படிச்சிக் காட்டுவான். மறுபடியும் முதல்ல இருந்தா?"

"அண்ணன் உங்ககிட்ட கேக்கவே இல்லையா?"

"இல்லியே. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். ஏன் டீச்சர், இதுக்காகவா இவ்ளோ நாளு நின்னுச்சி?"

"இல்லம்மா. பதிப்பகத்துல வேற ஏதோ வேலை" என்றேன்.

அவள் தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். "சார் பேரே இருக்கட்டும். அவருதான் ஆசப்பட்டாரு" என்றாள்.

வாரிசு என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரே பெயர்தான் என்று சொன்னதும், நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார் ஜெயப்பிரகாஷ். அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. நீலக் கடல் போட்ட அட்டை. கீழே அண்ணனின் பெயர் தனியாக. முதல் பிரதியை ஜெயம்மாளிடம் கொடுத்தேன். அட்டையை முன்னும் பின்னும் பார்த்துத் தன் பெயர் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு நடுவில் எங்கேயோ பிரித்து, உதடு அசைய நாலு வரி படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் சொன்னாள்:

"சார் பயங்கரமாத் திட்டியிருக்காரு டீச்சர்."