தண்ணீர்த் தொட்டிப் பக்கம்

லாஸ்பேட்டை மைதானத்தில் கடைசி பெனால்டி. அதைத் தடுத்தால் என் மகளின் பள்ளி இறுதிப் போட்டிக்குப் போகும். கோல் காத்து நின்றவள் அவள். கோட்டுக்கு வெளியே நகம் கடித்து நின்றவன் நான். கத்தினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

எதிரணிப் பெண் உதைக்க ஓடிவந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக முத்தியால்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் என் மகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த மேதை நான். என் முழங்காலின் தயவால் நான் உதைக்கும் பந்தெல்லாம் அவளுக்கு இடப்பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் போகும். அதாவது, இந்தக் குழந்தைக்கு இடப்பக்கம் பாய மட்டுமே கற்றுக்கொடுத்திருக்கிறேன்! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் உதைத்துவிட்டாள்.

பந்து வலப்பக்கம் பறந்தது. கடைசி நொடிவரை அசையாமல் நின்றவள், வலப்பக்கமே பாய்ந்து தட்டிவிட்டாள்.

கூச்சல் அடங்கியதும் அவளிடம் ஓடினேன். "தொட்டிப் பக்கம் பாஞ்சிடுவியோன்னு உசுரே போயிடுச்சிம்மா!"

"அந்தப் பொண்ணு காலைப் பாத்தேன்ப்பா. நீ மட்டும்தான் எப்பவும் தொட்டிப் பக்கம் அடிப்பன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப மாடியில நான் போட்ட கோலெல்லாம்?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கோல் போட்டுட்டு நீ குதிக்கறது பாக்க ஜாலியா இருக்கும். அதான் விட்டுருவேன்."